ஆடிப்பட்டத்துக்குக் காத்திருக்காத கிழங்குகள்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் சேனையும் வள்ளியும் வளர்க்கும் முறை

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை அப்படியே நம்பி ஒரு வருடம் சேனைக்கிழங்கை ஆடி மாதத்தில் நட்டேன். பண்ருட்டிப் பக்கத்துக் கொல்லையில் 2 சென்ட், 100 குழி. புரட்டாசி வரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஒவ்வொரு தண்டும் குடை விரித்து நின்றது. ஐப்பசியில் மழை பிடித்தது, நாலு நாள் தண்ணீர் வடியவில்லை. ஐந்தாம் நாள் முதல் தண்டு அடியில் பழுத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. தையில் தோண்டினால், நட்ட துண்டைவிடப் பெரிய கிழங்கு பாதிக் குழியில்கூட இல்லை. பக்கத்துக் கொல்லை ஆயா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "தானியத்துக்குச் சொன்னதக் கிழங்குக்கு எடுத்துக்கிட்டியே தம்பி. சித்திரையில ஊணியிருந்தா இந்நேரம் பானைக்கு வந்திருக்கும்" என்றார்.

அந்த ஒரு பேச்சில்தான் இந்த வழிகாட்டி முழுவதும் இருக்கிறது. நம் கடற்கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் என்று புயலும் நம் வாசலுக்கே வருகிறது. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அந்தத் தண்ணீரில் எந்தக் கிழங்கும் தாங்காது என்று கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மழை வரும்போது கிழங்குக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சித்திரையில் நட்ட சேனைக்கு ஐப்பசியில் ஆறு மாதம் ஆகியிருக்கும். கிழங்கு ஓரளவு திரண்டிருக்கும். புயல் அறிவிப்பு வந்தால் தோண்டிக் கறிக்கு விற்றுவிடலாம். ஆடியில் நட்டால் மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். தண்டும் இலையும் இருக்கும், அடியில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

எனவே ஐப்பசியில் கிழங்கு திரண்டிருக்கும்படி பின்னோக்கி எண்ணி நடுங்கள். நட்டு முழுதாக முற்ற ஆகும் காலம் இது: சேனைக்கு எட்டு, ஒன்பது மாதம். பெருவள்ளிக்கு ஒன்பது, பத்து. சிறுவள்ளிக்கு எட்டு, ஒன்பது. சேம்புக்கு ஆறு, ஏழு. சிறுகிழங்குக்கு மட்டும் ஐந்து, அதன் கணக்கு வேறு, கடைசியில் சொல்கிறேன்.

பெயர்க் குழப்பம்

கடைக்காரரிடம் 'கருணைக்கிழங்கு விதை வேண்டும்' என்று கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. நம் பக்கம் யானைப் பாதம்போல் உருண்டு பெரிதாக வருவது சேனை. கைப்பிடிக்குள் அடங்கும், தொண்டையை நன்றாகக் காறும், மசியலுக்குப் போகும் சிறியது பிடிகருணை. இதைத்தான் பலர் வெறுமனே கருணை என்கிறார்கள். வேறு சில ஊர்களில் சேனையையே கருணை என்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பெயரைச் சொல்லாதீர்கள். கிழங்கைக் காட்டச் சொல்லி வாங்குங்கள். வள்ளியிலும் இதே கதை. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பெருவள்ளி மூன்றும் பெயரில்தான் உறவு, தாவரத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. பெருவள்ளியும் சிறுவள்ளியும் மட்டும் அண்ணன் தம்பி.

மண்ணைப் பார்த்துக் கிழங்கு

பண்ருட்டி, நெய்வேலி சுற்றுவட்டாரத்துச் செம்மண் கொல்லைகள் கிழங்குக்கென்றே அமைந்தவை. பலாவும் முந்திரியும் வேர் இறங்கும் மண்ணில் சேனையும் பெருவள்ளியும் தாராளமாக இறங்கும். ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணும் அப்படித்தான், ஆனால் அங்கே குப்பை நிறையப் போட வேண்டும். கெடிலம், தென்பெண்ணைக் கரை வண்டல் இன்னும் நல்லது, வெள்ளம் ஏறாத மேட்டுப் பகுதியாக இருந்தால். பாகூர் நெல் வயல், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களி இவற்றில் குழி எடுத்துச் சேனை வைக்கவே வைக்காதீர்கள். அது குழி இல்லை, தொட்டி. அங்கே சேம்பு போடுங்கள், அல்லது முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி அதன் உச்சியில் நடுங்கள். தாழங்குடா மாதிரி கடலோர மணலில் உப்புத் தண்ணீர் ஏறும் கிணறு என்றால் கிழங்கு எண்ணத்தையே விட்டுவிடலாம்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, நிறைய தண்ணீர் ஊற்றி, வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். இரண்டாவதாகச் சாயங்காலம் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடத்தில் மேடுதான் கட்ட வேண்டும்.

விதைக்கிழங்கு: பணமும் இதில், விளைச்சலும் இதில்

சேனையில் செலவில் பெரும்பங்கு விதைக்கே போய்விடும். 90 செ.மீ.க்கு 90 செ.மீ. இடைவெளியில் ஒரு சென்டில் 50 குழி வரும். குழிக்கு அரைக் கிலோ என்றால் 25 கிலோ. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை டன். விதையைப் போல் நாலு மடங்கு வருவதுதான் சேனையின் பொதுவான கணக்கு. கத்தரி, வெண்டைபோல் ஒரு கைப்பிடி விதையில் ஊரையே நிரப்பும் பயிர் இல்லை இது. அதனால் முதல் வருடம் ஒரு சென்ட், இரண்டு சென்டில் ஆரம்பியுங்கள். என் பேச்சைக் கேட்டு ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம்.

ரகத்தில் கஜேந்திரா கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆந்திராவின் கொவ்வூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம். காறல் கிடையாது, உள்ளே சதை வெளிர் ஆரஞ்சாக இருக்கும், பக்கக் கிழங்குகள் அதிகம் வராமல் ஒரே உருண்டையாகத் திரளும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீபத்மா, ஸ்ரீ ஆதிரா ரகங்களும் உண்டு. பெருவள்ளியில் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா. சிறுவள்ளியில் ஸ்ரீ லதா. இவற்றைத் தேடிப் போக முடியாதவர்கள் பங்குனி மாதம் உழவர் சந்தையிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ முளை காட்டும் முழுச் சேனை வாங்கினால் போதும். நான் இப்படித்தான் தொடங்கினேன்.

வாங்கும்போது நடுவில் இருக்கும் கொழுந்துக் குழியைப் பாருங்கள். சேனையின் தலையில் ஒரு பள்ளம், அதன் நடுவில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு மொட்டு. அதைச் சுற்றி வளையம்போல் தழும்பு. அந்த வளையத்தில்தான் உயிர் இருக்கிறது. ஒருமுறை ஒரு வியாபாரியிடம் 40 கிலோ மூட்டையாக வாங்கிவந்து அவிழ்த்தால், பாதிக் கிழங்கில் மொட்டைக் கத்தியால் தோண்டி எடுத்திருந்தது. முளைத்தால் கறிக்கு விற்காது என்று எடுத்துவிடுவார்களாம். அவர் விற்றது கறிச் சேனை, நான் வாங்கியது விதைச் சேனை. யாரைக் குறை சொல்வது?

வெட்டுவது ஒரு கலை. முழுக் கிழங்கைத் தலை மேலே இருக்கும்படி வைத்து, நடு மொட்டின் மேல் கத்தியை வைத்து நேராகக் கீழே இறக்குங்கள். கேக் வெட்டுவதுபோல் நடுவிலிருந்து ஓரத்துக்கு. 2 கிலோ கிழங்கில் நாலு துண்டு வரும், ஒவ்வொரு துண்டின் நுனியிலும் அந்த வளையத்தின் ஒரு பகுதி இருக்க வேண்டும். குறுக்காக வட்டம் வட்டமாக வெட்டினால் மேல் வட்டம் மட்டும் முளைக்கும், மற்றவை மண்ணுக்கு எரு. கைக்கு முதலில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தடவாமல் வெட்டி நமைச்சல் ஏறிவிட்டால் புளியைக் கரைத்துத் தேயுங்கள். கிழங்கில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் தோலில் குத்துவதுதான் அந்த நமைச்சல்.

வெட்டிய துண்டை உடனே நடக்கூடாது. கெட்டியான சாணிப் பாலில், விதைக்கிழங்கு கிலோவுக்கு 5 கிராம் கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கும் நல்ல பூசணம்) கலந்து, துண்டுகளை முக்கி எடுத்து, நிழலில் ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். வெட்டுப்பட்ட முகத்தில் சாணி காய்ந்து ஏடு கட்டும். அந்த ஏடு இல்லாமல் நட்ட துண்டு சித்திரை மழையிலேயே அழுகத் தொடங்கிவிடும்.

வெட்டாமல் முழுதாக நடக் கிடைத்தால் அதுதான் உத்தமம். அரைக் கிலோ, முக்கால் கிலோவில் முழுக் கிழங்கு நட்டால் எல்லாம் ஒரே சமயத்தில் முளைக்கும், அழுகல் குறைவு. அதற்கு வழி இருக்கிறது. ஒரு பெரிய கிழங்கை 100 கிராம் துண்டுகளாக வெட்டி (ஒவ்வொன்றிலும் வளையம் இருக்க வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும்), 60க்கு 45 செ.மீ. நெருக்கத்தில் தனிப் பாத்தியில் நட்டுவிடுங்கள். ஒரு சென்டில் 150 துண்டு. அடுத்த தையில் கைக்கு அடக்கமான முழு விதைக்கிழங்குகள் கிடைக்கும். ஒரு வருடம் பொறுத்தால் விதைச் செலவு பாதியாகிவிடும். நான் இப்போது ஒவ்வொரு வருடமும் ஒரு பாத்தியை விதைக்கென்றே ஒதுக்கிவிடுகிறேன்.

குழி, நடவு, மூடாக்கு

மாசி கடைசியில் குழி எடுங்கள். 60 செ.மீ. நீளம், 60 அகலம், 45 ஆழம். மேல் அரையடி மண்ணைத் தனியாக ஒரு பக்கம், அடி மண்ணை மறுபக்கம் போடுங்கள். இரண்டு வாரம் குழி வெயிலில் காயட்டும், புழுவும் பூசணமும் கொஞ்சம் குறையும். அப்புறம் மேல் மண்ணோடு 2 கிலோ மக்கிய மாட்டெரு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, கைப்பிடி சாம்பல் கலந்து குழியை முக்கால் அளவு நிரப்புங்கள். மக்காத எரு கூடவே கூடாது. அதில் வரும் சூட்டிலும் வெள்ளைப் புழுவிலும் விதை போய்விடும்.

சித்திரை பிறந்ததும் நடவு. வளையம் மேலே பார்க்க, துண்டை நிமிர்த்தி வைத்து, மேலே நாலு விரல் மண் மூடி, லேசாகத் தட்டுங்கள். குழி தரை மட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. நடும்போதே மேடாக முடியுங்கள், கவிழ்த்த சட்டிபோல. குழியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று எண்ணி வட்டப் பாத்தி கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். தென்னைக்கு அது சரி, சேனைக்கு அது சமாதி.

அடுத்து மூடாக்கு. எல்லோரும் எளிதாக நினைத்துத் தாண்டிப்போகும் வேலை இது, ஆனால் எருவுக்கு அடுத்து விளைச்சலைத் தூக்குவது இதுதான். நட்ட அன்றே முந்திரிச் சருகு, கரும்புச் சோகை, வைக்கோல், பனையோலை எது கிடைக்கிறதோ அதை அரையடி கனத்துக்குப் பரப்புங்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் சோகை கேட்டால் ஒன்றும் சொல்லாமல் கொடுப்பார்கள், எரிக்கும் வேலை மிச்சம் அவர்களுக்கு. சித்திரை, வைகாசி வெயிலில் மூடாக்கு இல்லாத குழி உலைபோல் கொதிக்கும். துண்டு முளைக்காமல் வெந்தே போகும். மூடாக்கின் அடியில் கையை விட்டுப் பாருங்கள், குளிர்ச்சி தெரியும்.

முளை வர மூன்று வாரம் முதல் ஆறு வாரம் ஆகும். பொறுமை இல்லாமல் தோண்டிப் பார்க்காதீர்கள். நான் பார்த்து, இரண்டு கொழுந்தை ஒடித்திருக்கிறேன். அரிதாக ஒரு பெரிய கிழங்கில் இலைக்கு முன்னால் பூ வந்துவிடும். கரும்பழுப்பில் பெரிய சிப்பிபோல் விரியும். பார்க்க அதிசயம், நாற்றம் செத்த எலி. ஊரில் ஒரு முறை கிணற்றில் ஏதோ விழுந்துவிட்டது என்று இரண்டு நாள் தேடினார்கள், கடைசியில் என் கொல்லைச் சேனைப்பூ. பூவை அடியோடு அறுத்துவிடுங்கள், பின்னால் இலை வரும்.

இந்த இரண்டு மூன்று மாதம் குழிகளுக்கு நடுவே இடம் சும்மா கிடக்கும். தண்டங்கீரை, உளுந்து, குத்துக் காராமணி போடலாம். படர்கிற காராமணி வேண்டாம், அது சேனைத் தண்டிலேயே ஏறிவிடும். உளுந்து வந்து போனபின் அதன் செடியை அப்படியே மூடாக்கில் சேர்த்துவிடலாம்.

தண்ணீர், உரம்

முளைக்கும் வரை வாரம் ஒரு தண்ணீர், அதுவும் ஈரம் காட்டும் அளவுக்கு. இலை விரிந்தபின் வெயில் காலத்தில் ஐந்து நாளுக்கு ஒரு முறை. சொட்டு நீர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடியொன்றும் முழுகிவிடாது. ஆவணி, புரட்டாசியில் இரவு மழை வர ஆரம்பித்ததும் பாசனத்தை நிறுத்திவிடுங்கள்.

உரம் போடுகிறவர்களுக்கு: எக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 80, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 60, சாம்பல் சத்து (பொட்டாசியம்) 100 கிலோ என்பது பரிந்துரை. இதை ஒரு சென்டுக்குக் கொண்டுவந்தால் யூரியா சுமார் 700 கிராம், சூப்பர் பாஸ்பேட் ஒன்றரைக் கிலோ, பொட்டாஷ் 675 கிராம். 50 குழிக்குப் பிரித்தால் குழிக்கு யூரியா 14 கிராம், சூப்பர் 30, பொட்டாஷ் 13 அல்லது 14. சூப்பரை மொத்தமாக நடவின்போதே அடியில் போட்டுவிடுங்கள். யூரியாவும் பொட்டாஷும் இரண்டு பாதி: நட்டு 45 நாளில் ஒன்று, அதற்கு ஒரு மாதம் கழித்து இன்னொன்று. இரண்டு முறையும் தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளி வட்டமாகப் போட்டு, களை எடுத்து, மண் அணைத்து, மூடாக்கைத் திரும்பப் பரப்புங்கள். ரசாயனம் வேண்டாதவர்கள் நடவில் எருவைக் கூட்டி, மண் அணைக்கும்போது மண்புழு உரமும் சாம்பலும் கொடுக்கலாம். கிழங்குக்குச் சாம்பல் சத்துதான் முக்கியம். தழைச்சத்து அதிகமானால் குடை பெரிதாகும், கிழங்கு ஏமாற்றிவிடும்.

களை எடுக்கும்போது கொத்துக் கத்தி தண்டின் அடியில் படக்கூடாது. காயம் பட்ட இடத்தில்தான் கழுத்தழுகல் நுழைகிறது.

கழுத்தழுகலும் தேமலும்

என் முதல் வருடத்துப் பயிரைக் கொண்டுபோனது கழுத்தழுகல். இலை மஞ்சளாகும். தண்டின் அடியில், மண்ணைத் தொடும் இடத்தில், பழுப்பு நிறத்தில் கசிந்து மெத்தென்று இருக்கும். உற்றுப் பார்த்தால் பஞ்சுபோல் வெள்ளை நூல், அதில் கடுகு மாதிரி உருண்டைகள். அந்தக் கடுகுதான் அடுத்த வருடத்துக்கான அதன் விதை. தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒரு செடியில் ஆரம்பித்தால் வாரத்துக்குள் வரிசையே போகும். செடியை மண்ணோடு அள்ளிக் கொல்லைக்கு வெளியே கொண்டுபோங்கள், குப்பைக் குழியில் போடாதீர்கள். பக்கத்துச் செடிகளுக்கு டிரைக்கோடெர்மா கரைத்து ஊற்றுங்கள். ஆனால் வடிகால் வெட்டாமல் என்ன ஊற்றினாலும் பிரயோசனம் இல்லை. புரட்டாசி முடிவதற்குள் நாலு வரிசைக்கு ஒன்று என்று ஒரு அடி ஆழத்தில் வாய்க்கால் இழுத்து, அது எங்கே போய் விழுகிறது என்பதையும் பாருங்கள். பக்கத்துக் கொல்லையில் விழுந்தால் அது வேறு தகராறு.

இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக வந்து சுருண்டால் தேமல் நோய். மருந்து கிடையாது. அந்தச் செடியின் கிழங்கைச் சாப்பிடலாம், விதைக்கு எடுக்கக் கூடாது. இப்போதே ஒரு கழியை ஊன்றி அடையாளம் வையுங்கள், தையில் நினைவிருக்காது.

பூச்சியைவிடப் பெரிய தொல்லை பெருச்சாளி. கார்த்திகையில் கிழங்கு திரண்டதும் வளை போட்டு அடியிலிருந்தே தின்னும், மேலே தண்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். வரப்புகளை மெலிதாக வைத்துக்கொள்வதும், வளையைக் கண்ட அன்றே உடைத்து மூடுவதும்தான் எனக்குப் பலன் தந்தவை.

வெட்டு எப்போது

தண்டு தானாக மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டால் முற்றிவிட்டது. சித்திரை நடவுக்கு மார்கழி, தை. பொங்கலுக்கு முந்தின வாரம் கூட்டுக் குழம்புக்கு எல்லா வீட்டிலும் கிழங்கு தேவைப்படும். அந்த ஒரு வாரத்தில் இருக்கும் விலை பொங்கல் முடிந்த மறுநாள் இருக்காது. அதனால் கறிக்கு விற்கும் கிழங்கை முழு முற்றலுக்காகக் காத்திருக்காமல் மார்கழிக் கடைசியில் எடுத்துவிடுவேன். விதைக்கானதை மட்டும் தண்டு முழுதும் காய்ந்து விழும்வரை மண்ணிலேயே விட்டுவைப்பேன். புயல் அறிவிப்பு வந்தால் கணக்கு மாறும். தாழ்வான வரிசைகளைத் தயங்காமல் முதலில் தோண்டுங்கள். ஆறு, ஏழு மாதக் கிழங்கு எடையில் குறைவு, ஆனால் கையில் இருக்கும்.

தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கடப்பாரையை விட்டு நெம்புங்கள். மண்வெட்டி வேண்டாம், வெட்டுக் காயம் பட்டால் பத்து நாளில் அழுகிவிடும். குழிக்குச் சராசரி 2 கிலோ வந்தால் எனக்குத் திருப்தி. நல்ல எருவும் மூடாக்கும் விழுந்த வரிசையில் 3 கிலோவும் பார்த்திருக்கிறேன்.

பெருவள்ளி, சிறுவள்ளி

பெருவள்ளி வெற்றிலைக் கொடிபோல் ஏறும். தனிப் பந்தல் போடக் காசு இல்லாவிட்டால் வேலியில் நிற்கும் பூவரசு, முருங்கை, கிளிரிசிடியா போதும். 250, 300 கிராம் துண்டு, தோல் இருக்கும் எந்தப் பகுதியும் முளைக்கும். இதில் சேனைபோல் வளையம் தேட வேண்டாம். ஆனால் கொடி ஒட்டியிருந்த தலைப் பகுதி முந்தி முளைக்கும், வால் பகுதி பிந்தும். தலையை ஒரு வரிசை, வாலை ஒரு வரிசை என்று பிரித்து நட்டால் பராமரிப்பது எளிது. குழி 45 செ.மீ. ஆழமும் அகலமும், இடைவெளி சேனைக்குச் சொன்னதே. பங்குனி, சித்திரைதான் நடவு.

முளைத்து இரண்டு வாரத்துக்குள் கயிற்றில் ஏற்றிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கொடி தரையில் சிக்கிப் பிரிக்க முடியாமல் போகும். தேங்காய் நார்க் கயிறு நல்லது, பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுக்கும். பகல் குறையும் மாதங்களில்தான் கிழங்கு வேகமாகப் பெருக்கும், அதனால் ஐப்பசி வரை இலை ஆரோக்கியமாக இருப்பது முக்கியம். மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி வந்தால் கொடி நெரிசலாக இருக்கிறது என்று அர்த்தம், காற்று போக இடம் விடுங்கள். ஒரே குழியில் 3, 4 கிலோ கிழங்கு சாதாரணமாக வரும். கடப்பாரை போட்டால் நடுவில் முறிந்துவிடும். பக்கவாட்டில் பள்ளம் தோண்டி மண்ணைச் சரித்துத்தான் எடுக்க வேண்டும், ஒரு கிழங்குக்குப் பத்து நிமிடம் ஆகும்.

சிறுவள்ளி விரல்போல் கொத்தாக வைக்கும். அவித்து உரித்தால் மாவாக, லேசான இனிப்பாக இருக்கும். 100 முதல் 150 கிராம் முழுக் கிழங்கை 75 செ.மீ. இடைவெளியில் மேடு கட்டி நடுங்கள். அடித்தண்டில் முள் உண்டு, கையுறை இல்லாமல் கை வைக்காதீர்கள்.

கொடியில் காய்போல் தொங்கும் காவள்ளியும் சிலர் வேலியில் வைத்திருக்கிறார்கள். தெரிந்த வீட்டில் சாப்பிட்டுப் பழகிய கொடியிலிருந்து மட்டும் விதை எடுங்கள். காட்டில் தானாக முளைத்த காவள்ளியில் கசப்பும் நஞ்சும் இருப்பவை உண்டு.

சேம்பு

இதற்கு நான் அதிகம் எழுதப் போவதில்லை, நம் கிழங்குகளில் அடம் பிடிக்காதது இது. 25 முதல் 35 கிராம் பக்கக் கிழங்கு, 60க்கு 45 செ.மீ., பார் ஓரத்தில் நடவு. ஈரம் பிடிக்கும், ஆனால் நின்ற தண்ணீரில் சுவை கெடும். ஒரு மாதத்திலும் இரண்டு மாதத்திலும் மண் அணைத்து, பக்கத்தில் கிளம்பும் ஒல்லித் தண்டுகளைக் கிள்ளிவிடுங்கள். மழையும் குளிருமாக இருக்கும் நாட்களில் இலையில் எண்ணெய்ப் புள்ளிபோல் தொடங்கி வளையம் வளையமாகக் கருகும் நோய் வரும், முதல் இலையிலேயே அறுத்து எரித்துவிடுங்கள். வைகாசியில் நட்டால் கார்த்திகை, மார்கழியில் எடுக்கலாம். எடுப்பதற்கு மூன்று வாரம் முன்பே பாசனம் இருந்தால் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வேகவைத்த சேப்பங்கிழங்கு வறுவலில் கொழகொழவென்று ஒட்டும்.

சிறுகிழங்கு: ஆசைக்கு மட்டும்

தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்து உறவினர் வீட்டில் சாப்பிட்டவர்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கொடி நுனியை வெட்டி நடும் பயிர், பகல் குறையும்போதுதான் கிழங்கு வைக்கும். அதாவது ஐப்பசி, கார்த்திகையில், சரியாக நம் மழைக்குள். சித்திரையில் நட்டும் ஏமாற்ற முடியாது, கொடிதான் மண்டும். எனவே நம் பக்கம் சம நிலத்தில் வேண்டாம். செம்மணல் கொல்லையில் ஒன்றரை அடி மேட்டுப் பாத்தி, அல்லது புதுச்சேரி மொட்டை மாடியில் மணல் கலந்த பை. வைகாசி, ஆனியில் கொஞ்சம் கிழங்கை ஒரு மூலையில் நட்டு நாற்றங்கால் வையுங்கள். ஆடி, ஆவணியில் அதிலிருந்து ஒரு சாண் நீள நுனிகளை வெட்டி, பாருக்குப் பார் 60, செடிக்குச் செடி 20 செ.மீ. விட்டு நடுங்கள். 45 நாளில் நன்றாக மண் அணைக்க வேண்டும், அணைக்காத கணுவில் கிழங்கு இறங்காது. வேரில் முடிச்சு முடிச்சாக வந்தால் நூற்புழு, அடுத்த வருடம் அந்தப் பாத்தியில் போடாதீர்கள். நூற்புழுவைக் குறைக்க அங்கே செண்டுமல்லி போடலாம். ஆக, ஆடிப்பட்டத்தைத் தேடிப் போகும் ஒரே கிழங்கு இந்தச் சிறுகிழங்குதான். அதையும் மழை வந்து கெடுக்கிறது, என்ன செய்ய.

விதை எடுத்து வைப்பது

சேனையில் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை, காயமில்லாத, உருண்டையான, கழி ஊன்றாத குழியில் எடுத்த கிழங்குகளைத் தனியாக ஒதுக்குங்கள். கழுவக் கூடாது. ஒட்டிய மண்ணைக் கையால் உதிர்த்து, வேரைப் பிய்த்து, நாலைந்து நாள் நிழலில் காயவிட்டு, காற்றாடும் அறையில் மணல் பரப்பி ஒரே அடுக்காக வையுங்கள். மேலே ஒன்று வைத்தால் அடியில் இருப்பது வியர்த்து அழுகும். சாக்கில் கட்டி வைத்தவர்கள் கதை சொல்லவே வேண்டாம். பத்து நாளைக்கு ஒரு முறை புரட்டிப் பாருங்கள். கொழுந்துக் குழிக்குள் வெள்ளை மாவுப் பூச்சி ஒளிந்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வேப்பெண்ணெய்க் கரைசலில் தோய்த்து அந்தக் குழியை மட்டும் தேய்த்துவிட்டால் போதும், முரட்டுத்தனமாகத் தேய்த்து மொட்டை உடைத்துவிடாதீர்கள். இரண்டு, மூன்று மாதம் உறங்கும். பங்குனி வெயிலில் அந்த மொட்டு ரோஜா நிறத்தில் ஒரு அங்குலம் நீண்டதும் குழிக்குத் தயார்.